பொம்மை ரெஸ்லிங்குக்கு ஒரு கதை வேண்டும்

என் பையனுக்கு 9 வயது. கட்டிலுக்கடியில் ஒரு ரெஸ்லிங் லீக் நடத்துகிறான். செருப்புப் பெட்டிதான் ரிங். நாலு மூலையிலும் பென்சில், கயிற்றுக்கு ரப்பர் பேண்ட். சாம்பியன் பெல்ட் சாக்லேட் தாளில் செய்தது. வெற்றி தோல்விக்கு ஒரு நோட்டு வேறு!

சிக்கல் என்னவென்றால், ரெஸ்லிங் வீரர் அண்டர்டேக்கரின் பொம்மையைத் தோற்கவே விடமாட்டேன் என்கிறான். ரெஸில்மேனியா என்ற பெரிய ரெஸ்லிங் நிகழ்ச்சியில் 21 முறை ஜெயித்த நிஜ அண்டர்டேக்கரே 2014இல் பிராக் லெஸ்னரிடம் தோற்றாரே என்றேன். "அது டிவியில்" என்று முடித்துவிட்டான். முடிவு தெரிந்த சண்டை என்பதால் தங்கச்சி பார்க்க வருவதில்லை.

ராயல் ரம்பிள் (பலர் மோதி, கடைசியாக ரிங்கில் மிஞ்சுபவர் ஜெயிக்கும் போட்டி) வைக்கலாமென்றால் வழக்கமாக 30 பேர் வேண்டும். இருப்பது 11 பொம்மை. எப்படிச் சமாளிப்பது? கூட்டாளியே முதுகில் குத்துகிற மாதிரி கதை இருந்தால் சொல்லுங்களேன். அப்புறம், ரே மிஸ்டீரியோ பொம்மைக்கு இடுப்பு மூட்டு லூசாகி நிற்க மாட்டேன் என்கிறார். இறுக்க வழி உண்டா?