பேதி நின்று மூணு வாரத்தில் முட்டி வீக்கம்: ஆன்டிபயாடிக் வேண்டாமா?

தேனிக்காரன்: கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு தம்பிக்கு நாலு நாள் பேதி, காய்ச்சல். எல்லாம் சரியாகி மூணாவது வாரம் வலது முட்டி வீங்கி, பேன்ட்டே ஏறலை. ஒரு கண்ணும் சிவப்பு. டாக்டர் முட்டியில ஊசி போட்டு நீர் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். கிருமி எதுவும் வளரலையாம். 'ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ்'னு வலி மாத்திரை மட்டும் எழுதிட்டார். கிருமியாலதான் வந்ததுன்னும் அவரே சொல்றார். அப்ப ஆன்டிபயாடிக் எங்கே? சுத்த அலட்சியம்.

மலர்விழி: நீர் எடுத்துப் பார்த்தவரையா அலட்சியம்ங்கறீங்க? மூட்டுக்குள்ளேயே சீழ் பிடிக்கிற செப்டிக் ஆர்த்ரைட்டிஸா இருந்தா தாமதிச்சா மூட்டே போயிடும். அது இல்லைன்னு உறுதி பண்ணத்தான் அந்த ஊசி. சால்மொனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர் எல்லாம் குடல்ல வந்துபோற கிருமி. விருந்தாளி கிளம்பியாச்சு, வீட்ல சண்டை ஓயலை, அவ்வளவுதான். அதாவது கிருமி போனபிறகும் அதை எதிர்க்கக் கிளம்பின உடம்போட எதிர்ப்புச் சக்தி மூட்டை வீங்க வைக்குது, அதுதான் ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ். எச்எல்ஏ-பி27 மரபணு இருந்தா இந்தச் சண்டைக்கு வாய்ப்பு அதிகம்.

தேனிக்காரன்: கிளம்பியாச்சா? யெர்சினியா கிருமியோட துணுக்கு மூட்டு நீர்லயே கிடைச்சிருக்குன்னு படிச்சேனே.

மலர்விழி: துணுக்குதான். செத்த துணுக்கை எந்த மருந்து கொல்லும்?

தேனிக்காரன்: அத்தை பொண்ணுக்கு முடக்குக் காய்ச்சல். வருஷக்கணக்கா 21 நாளுக்கு ஒருதரம் பென்சிலின் போடறாங்க. அதுவும் தொண்டைக் கிருமியால வந்த மூட்டு வீக்கம்தானே?

மலர்விழி: அந்த ஊசி முட்டிக்கு இல்லைங்க. முட்டி தானாவே ஆறிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மறுபடி தொண்டைக்கு வந்தா இதய வால்வு கெடும், அதைத் தடுக்கத்தான். ரெண்டையும் குழப்பாதீங்க.

பழைய_லேப்காரன்: ரெண்டு பேரும் கிளமிடியாவை விட்டுட்டீங்க. பாலுறவுல தொத்தற கிருமி. இது உயிரோடவே மூட்டுச் சவ்வுல ஒளிஞ்சிருக்கும். 2010ல வந்த ஆய்வுல ரெண்டு ஆன்டிபயாடிக்கைச் சேர்த்து 6 மாசம் கொடுத்ததுல நாள்பட்ட கேஸ்கள்ல பலன் தெரிஞ்சது. துணைக்கும் வைத்தியம் பார்க்கணும். நம்ம ஊர்ல இதைக் கேட்கவே கூச்சப்படுவாங்க, அதான் பாதி கேஸ் தப்பிடுது.

மலர்விழி: அதுக்கு ஒத்துக்கறேன். ஆனா இவர் தம்பிக்கு வந்தது பேதி. தேனிக்காரரே, அந்தக் கண் என்னாச்சு? வெளிச்சம் பார்த்தா கூசுதா?

தேனிக்காரன்: கூசுது. ரெண்டு நாளா ரூம்ல லைட்டே போட விடலை.

மலர்விழி: அப்ப இங்க டைப் பண்ணிட்டு இருக்காதீங்க. இன்னைக்கே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கண்ணுக்குள்ள அழற்சின்னா பார்வைக்கே ஆபத்து.

தேனிக்காரன்: சாயந்திரம் போறோம். மாத்திரை விஷயத்துல எனக்கு இன்னும் சமாதானம் ஆகலைங்க.