புது அசெம்பிள் மெஷினுக்கு விண்டோஸ்: அப்கிரேடா, முழு லைசென்ஸா?

களியக்காவிளை ஜெராக்ஸ்:
ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் ஓடுற கடை. பழைய மெஷின் விண்டோஸ் 7 ப்ரொபஷனல் ஸ்டிக்கரோட வந்தது. இலவச அப்கிரேடில் 10 ஆச்சு, 11 ஏறாது. புதுசு அசெம்பிள் பண்ணணும். எல்லை தாண்டி கேரளத்தில் உள்ள பாறசாலை கடைக்காரர் "பழைய லைசென்ஸ் இருக்குல்ல, அப்கிரேட் போட்டா போதும்" என்கிறார். நாகர்கோவில் கடையில் ஓஇஎம் (மெஷினோடு சேர்த்துத் தருகிற லைசென்ஸ்) எடுக்கச் சொல்றாங்க. ஆன்லைனில் 500 ரூபாய்க்கும் ஆக்டிவேஷன் கீ இருக்கு. தமிழ், மலையாளம் ரெண்டும் டைப் பண்ணணும். எது சரி?

குழித்துறை சர்வீஸ்:
அண்ணாச்சி, அப்கிரேட் பெட்டி, முழுப் பெட்டி என்று ரெண்டு விலையில் விற்றது விண்டோஸ் 7 காலத்தோடு சரி. 2015-ல் 10 வந்த பிறகு கடையில் கிடைக்கிற ரீடெயில் எல்லாமே முழு லைசென்ஸ்தான். 10-லிருந்து 11, ஏறக்கூடிய மெஷின் என்றால், அதே மெஷினில் இலவசம். ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாறத்தான் இன்னும் காசு கொடுத்து அப்கிரேட் வாங்கணும்.

உங்க ஸ்டிக்கர் கீ ஓஇஎம். அது பழைய மதர்போர்டோடு பிறந்தது, அதோடுதான் போகும். இலவச அப்கிரேட் செய்ததால் அந்த உரிமை மாறவில்லை. 7, 8 கீயைப் போட்டு புது மெஷினை ஆக்டிவேட் செய்கிற வழியையும் மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டது. கடைக்காரர் எந்த அப்கிரேடைச் சொல்கிறார் என்று கேளுங்க. கம்பெனிகளுக்கு விற்கிற வால்யூம் லைசென்ஸாக இருக்கலாம். அது சட்டப்படி அப்கிரேட் மட்டுமே. அடியில் ஏற்கெனவே ப்ரோ லைசென்ஸ் இருக்கணும், ஹோம் இருந்தாலும் செல்லாது. ஒன்றுமே இல்லாத புது மெஷினில் போட்டால் ஆக்டிவேட் ஆகும், லைசென்ஸ் மட்டும் இருக்காது.

500 ரூபாய் கீ பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் கீயிலிருந்து கசிந்ததாக இருக்கும். எண்ணிக்கை தீர்ந்தாலோ கீ தடையானாலோ அடுத்த ஃபார்மட்டில் ஏறாது. கேஎம்எஸ் வகை (நிறுவனத்தின் சர்வர் வழியே ஆக்டிவேட் ஆவது) என்றால் 180 நாளுக்குள் ஒருமுறையாவது சர்வரைத் தொடணும், கிடைக்காவிட்டால் திரையில் வாட்டர்மார்க்.

எல்லையோரன்:
ஓஇஎம், ரீடெயில் ரெண்டிலும் உள்ளே இருப்பது ஒரே விண்டோஸ். போர்டு போனால்தான் வித்தியாசம் தெரியும். ஓஇஎம்மில் வாரண்டியில் அதே போர்டோ கம்பெனி தருகிற இணையான போர்டோ வந்தால் லைசென்ஸ் நிற்கும். ஆக்டிவேஷனை மைக்ரோசாஃப்ட் உதவியோடு சரி செய்யலாம். வாரண்டி முடிந்து நீங்களாக வேறு போர்டு போட்டால் அது புது கம்ப்யூட்டர் கணக்கு. நம்ம பக்கம் துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடியில் போர்டு போறது புதுசா என்ன? அசெம்பிள் மெஷினை அஞ்சாறு வருஷம் பார்ட் மாற்றி ஓட்டுவீங்க என்றால் கூடுதல் காசு கொடுத்து ரீடெயில் எடுப்பதே என் கட்சி. பிராண்ட் மெஷின் என்றால் கூடவே வருகிற ஓஇஎம் போதும், தனியாக எதுவும் வாங்காதீங்க.

பாறசாலையில் நேரே போய் வாங்கினால் கேரள சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டுத் தருவாங்க. தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைக்கு அதில் கிரெடிட் கிடைக்காது. உங்க கடை முகவரிக்கு அனுப்பச் சொல்லி 18% ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பனைக்கான வரி) பில் கேளுங்க. பில்லில் விண்டோஸ் தனி வரியாக, எடிஷன் பெயரோடு இருக்கணும். "சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன்" என்று மட்டும் எழுதினால் லைசென்ஸ் தரவில்லை என்று அர்த்தம்.

டிடிபி தக்கலை:
டைப்பிங்குக்கு எந்த எடிஷனும் போதும். பிராண்ட் மெஷினில் அடிக்கடி வருகிற ஹோம் சிங்கிள் லாங்குவேஜில் மெனு மொழியைத்தான் மாற்ற முடியாது. தமிழ் 99, மலையாளம் இன்ஸ்கிரிப்ட் ரெண்டு கீபோர்டும் சேரும்.

பிராண்ட் மெஷினில் இன்னொரு தொல்லை: யூஇஎஃப்ஐயில் (மதர்போர்டிலேயே இருக்கிற தொடக்க மென்பொருள்) ஹோம் கீ பதிந்திருந்தால், பென்டிரைவிலிருந்து போடும்போது எடிஷனைக் கேட்காமலே ஹோம் ஏறிவிடும். ப்ரோ வேணும் என்றால் ஏறியபின் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் போய் கீயை மாற்றுங்க. திரும்ப ஃபார்மட் வேண்டாம்.

அசெம்பிளில் 11 போடுமுன் பயாஸில் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியை இயக்குங்க. இன்டெல் போர்டில் பிடிடி (PTT) என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் (fTPM) என்றும் இருக்கும். சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் பூட் ஆகிற வசதி) அணைத்து, டிஸ்க்கை ஜிபிடியாக (புது வகைப் பார்ட்டிஷன் முறை) வைக்கணும். பாதிப் பேர் "லைசென்ஸ் ஏறல" என்று வருவது உண்மையில் இங்கே முட்டித்தான்.

களியக்காவிளை ஜெராக்ஸ்:
நன்றி. பழைய மெஷினில் லைசென்ஸ் விவரம் காட்டுகிற எஸ்எல்எம்ஜிஆர் (slmgr) கட்டளையை /டிஎல்ஐ (/dli) போட்டு ஓட்டினேன். "ரீடெயில் சேனல்" என்று காட்டுதே! அப்போ மாற்றலாமா?

குழித்துறை சர்வீஸ்:
அதே பெட்டியில் கீயின் கடைசி அஞ்சு எழுத்தைப் பாருங்க. 3வி66டி (3V66T) என்று இருந்தால் அது இலவச அப்கிரேடில் எல்லா ப்ரோ மெஷினுக்கும் போட்ட பொதுக் கீ. ஹோம் என்றால் 8எச்விஎக்ஸ்7 (8HVX7). ரீடெயில் என்று காட்டும், ஆனால் உங்க ஆக்டிவேஷன் மைக்ரோசாஃப்ட் சர்வரில் அந்தப் போர்டின் அடையாளத்தோடு கிடக்கு. புது மெஷினில் அந்தக் கீயை அடித்தால் ஏற்கும், ஆக்டிவேட் ஆகாது.

களியக்காவிளை ஜெராக்ஸ்:
3வி66டி தான். ரீடெயில் ஹோம் எடுக்கிறேன், டொமைன் (ஆபீஸ் நெட்வொர்க்) எதுவும் இல்லை.

எல்லையோரன்:
ஹோம் போதும். போட்டவுடன் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைங்க. போர்டு மாறினால் ட்ரபிள்ஷூட்டரில் "சமீபத்தில் ஹார்ட்வேர் மாற்றினேன்" என்ற வழி அந்தக் கணக்கு இருந்தால்தான் திறக்கும். கீ அட்டையைக் கேபினெட்டுக்குள் வைக்காம பில்லோடு வைங்க.