டிஸ்போஸ்: விடுவியா, ஒப்படையா?

அன்பு நண்பர்களே,

திங்கட்கிழமை சி ஷார்ப் நிரல்மொழி வகுப்பு. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதும்போது 'டிஸ்போஸ்' (Dispose) என்ற கட்டளைக்குத் தமிழ்ச்சொல் தெரியாமல் நின்றுவிட்டேன். போன வருடம் 'அழி' என்று எழுதினேன். நிரல் உருவாக்கிய பொருளே (ஆப்ஜெக்ட்) நினைவகத்திலிருந்து போய்விடும் என்று புரிந்துகொண்டார்கள். பயன்படாத நினைவகத்தைத் தானாக மீட்கும் குப்பைத் திரட்டி (கார்பேஜ் கலெக்டர்) நினைவகத்தைப் பார்த்துக்கொள்கிறது. கோப்புப் பிடி (திறந்த கோப்பைக் குறிக்கும் ஹேண்டில்), தரவுத்தள இணைப்பு போன்ற வெளி வளங்கள் அதன் கணக்கில் இல்லை. அவற்றை வேலை முடிந்த கையோடு திருப்பித் தருவதுதான் டிஸ்போஸ். ஒரு சொல் கொடுங்கள்.

---

ஐயா, 'வீடு' என்று வைக்கலாம். அதன் பகுதி 'விடு'. கெடு கேடாவதுபோல விடு வீடாகும். முதனிலை திரிந்த தொழிற்பெயர். வீடுபேற்றில் இருப்பதும் இதே வீடுதான். ஹேண்டிலைப் பிடி என்கிறோம். பிடிக்கு எதிர் வீடு. இவ்வளவு அழகான இணை கையில் இருக்கும்போது வேறு எதற்கு?

---

அழகுதான் அண்ணா, ஆனால் மாணவருக்கு வீடு என்றால் குடியிருக்கும் வீடுதான். 'விடுவி' என்று வினையாகவே வைப்போம். தனிமடலில் ஒருவர் 'கைவிடு' என்றார். அது கூடவே கூடாது. பொறுப்பில்லாமல் போட்டுவிட்டுப் போவதைத்தான் கைவிடுதல் என்கிறோம். நாம் தடுக்க நினைக்கும் கோளாறே அதுதான்.

---

என் வாக்கு 'ஒப்படை'. வாடகை வீட்டைக் காலி செய்தால் சாவியை ஒப்படைக்கிறோம் இல்லையா? எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தின் இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த இணைப்புகளை மறுபடி பயன்படுத்தச் சேர்த்து வைக்கும் இடம்தான் தொகுப்பு (பூல்). அதன் உச்சவரம்பு, நாம் மாற்றாதவரை, 100 இணைப்புகள். டிஸ்போஸ் செய்த இணைப்பு அறுந்துபோவதில்லை, தொகுப்புக்குத் திரும்புகிறது. நூறையும் வாங்கி யாரும் திருப்பித் தராவிட்டால், அடுத்து வரும் கோரிக்கை 15 நொடி காத்திருந்து பிழையோடு திரும்பும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு விழித்தோம். 'விடுவி' என்ற சொல்லில் இந்தத் திருப்பித் தரும் கடமை தெரியவில்லை.

---

உவமை பிடித்திருக்கிறது. ஆனால் ஒப்படை என்றால் 'யாரிடம்?' என்ற கேள்வி கூடவே வரும். கோப்பென்றால் இயங்குதளத்திடம், இணைப்பென்றால் தொகுப்பிடம் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்க வேண்டும். அப்புறம், டிஸ்போஸை இரண்டாம் முறை அழைத்தாலும் பிழை வரக்கூடாது என்பது விதி. கொடுத்த சாவியை மறுபடி எப்படிக் கொடுப்பது?

---

எதற்கு இந்தப் பாடு? மாணவர் தட்டச்சு செய்யப்போவது டிஸ்போஸ். அப்படியே எழுதுங்கள்.

---

நிரலில் அது இருக்கட்டும் தம்பி. அது என்ன செய்கிறது என்று சொல்லத் தமிழில் ஒரு வினை வேண்டாமா? வளத்தைப் பயன்படுத்தும் வரிகளைச் சுற்றி எழுதும் யூசிங் (using) தொகுதியில் நடுவில் விதிவிலக்கு, அதாவது ஓடும்போது வரும் பிழை, வீசப்பட்டாலும் கடைசியில் டிஸ்போஸ் நடந்தே தீரும். 'வெளியேறும்போது விடுவிக்கும்' என்றால் பாட்டிக்கும் புரியும்.

---

நண்பர்களே, அச்சுக்குப் போக வேண்டும். எண்ணிப் பார்த்தால் 'விடுவி' பக்கம் ஐந்து பேர், 'ஒப்படை' பக்கம் இரண்டு. குறிப்பில் 'விடுவி' என்று போடுகிறேன். சாவி உவமையைக் கரும்பலகையில் சொல்லிக்கொள்கிறேன்.

---

சரி, போடுங்கள். ஆனால் அந்த இருவரில் ஒருவனாகச் சொல்கிறேன்: இணைப்புத் தொகுப்புப் பாடம் வரும்போது 'விடுவி' அங்கே பொருந்தாது. அன்றைக்கு இந்த இழையை மறுபடி திறப்பேன்.