காலையில் சோக்கை உள்ளே தள்ளினதும் அம்பாசிடர் நின்னுடுது

மஞ்சக்குப்பம் வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4. பெட்ரோல், 1489 சிசி, எஸ்.யூ. கார்ப்பரேட்டர் (காத்தையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்கிறது). அப்பா வாங்கின வண்டி. அவர் காலத்துக்கப்புறம் நான் பார்த்துக்கிறேன்.

மார்கழி முழுக்க விடியக்காலையில அம்மாவைத் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறது வீட்டு வழக்கம். அஞ்சே கால் மணிக்கு வண்டியை எடுக்கணும். குளிர்ல பெட்ரோலைக் கூட்டிக் குடுக்கிற சோக்கை முழுசா இழுத்து செல்ஃப் அடிச்சா ரெண்டாவது தடவை பிடிச்சுக்குது. ஒரு இருபது வினாடி நல்லா ஓடும். கறுப்புப் புகை வருதேன்னு சோக்கை உள்ளே தள்ளின உடனே எஞ்சின் குலுங்கும். பானெட்டே ஆடுறது ஸ்டியரிங்ல கை வைக்கும்போது தெரியும். அப்புறம் ஆஃப். ஆக்சிலேட்டரை மிதிச்சே வெச்சிருந்தா நிக்காது, ஆனா காலை எடுக்க முடியாது. அம்மா பூக்கூடையை மடியில வெச்சுக்கிட்டு பின் சீட்ல உட்கார்ந்திருப்பாங்க, நான் ரேஸ் குடுத்துக்கிட்டே இருப்பேன். எதிர்வீட்டு அம்மா அப்பதான் கோலம் போட்டு முடிச்சிருப்பாங்க, புகை நேரா அங்கதான் போகுது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.

கெடிலம் பாலம் தாண்டினதும் எல்லாம் சரியாயிடும். சாயங்காலம் வெயில்ல நின்ன வண்டியை எடுத்தா ஒரு தொந்தரவும் இல்லை.

இதுவரை செஞ்சது: பிளக் நாலும் புதுசு, பாயிண்ட் தேய்ச்சு இடைவெளி வெச்சாச்சு, ஏர் ஃபில்டர் சுத்தம். ஒரு ஒர்க்ஷாப்ல ஐட்லிங் ஸ்குரூவை (கால் வெக்காதப்போ எஞ்சின் ஓடுற வேகத்தை வைக்கிறது) தூக்கி வெச்சுக் குடுத்தாங்க. இப்போ சூடானதும் சிக்னல்ல நிக்கும்போது கத்துது, காலையில பழையபடியே நின்னுடுது. கார்ப்பரேட்டரையே மாத்திடச் சொல்றாங்க. அப்பா கை பட்ட வண்டி, முடிஞ்சவரைக்கும் உள்ளதை வெச்சே சரி பண்ணணும்னு ஆசை. வழி சொல்லுங்க.

பாகூர் பத்மினி:

சார், என்கிட்ட இருக்கிறது பத்மினி, கார்ப்பரேட்டர் சோலெக்ஸ். ஆனா உங்க கஷ்டம் எனக்கும் இருந்தது. நான் முதல்ல சந்தேகப்படுறது பெட்ரோலைத்தான். இப்போ பங்க்ல கிடைக்கிறதுல 20 சதவீதம் எத்தனால். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும், இந்தக் கலவைக்கு சுமார் 13.5 போதும். கார்ப்பரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது, பழைய கணக்குலயே காத்தை விடும். அதனால கலவை மெலிஞ்சுடுது. மெலிஞ்ச கலவை சூட்டுல சமாளிக்கும், குளிர்ச்சியில குலுங்கும். எத்தனால் ஆவியாக நிறைய வெப்பத்தை இழுத்துக்கும், அதுவும் காலையில வேலையைக் காட்டும்.

இன்னொண்ணு, அது ஈரத்தை உறிஞ்சும். கடலூர், புதுச்சேரி மாதிரி கடலோரத்துல பாதி டேங்க்கோட வாரக்கணக்கா நிறுத்தி வெச்சா கேட்கவே வேண்டாம். என் வண்டியில பழைய ரப்பர் ஓஸ் உள்பக்கம் கொழகொழன்னு ஆகி, கறுப்புத் துணுக்கா ஃபில்டர்ல வந்து நின்னுது. ஓஸை மாத்துங்க, பெட்ரோல் வர்ற ஜெட்டுக்கு அடியில இருக்கிற நட்டை ஒரு பட்டை, ரெண்டு பட்டை (நட்டோட ஒரு பக்க அளவு சுத்துறது ஒரு பட்டை) இறக்கிப் பாருங்க, பெட்ரோல் கூடும். சரியாயிடும்னு நினைக்கிறேன்.

நெல்லித்தோப்பு ஒர்க்ஷாப்:

தம்பி, பாகூர்க்காரர் சொன்னது பொய்யில்ல, ஆனா அதை மொதல்ல செய்யாதீங்க. காத்து எங்கேயாவது திருட்டு வழியில உள்ள போயிட்டு இருந்தா, நீங்க பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி அதை மறைப்பீங்க. அப்புறம் சூட்டுல பிளக் கறுப்பாகும், மைலேஜ் போயிடும். நாப்பது வருஷமா எஸ்.யூ. பிரிச்சுப் பூட்டுறேன், நல்ல கார்ப்பரேட்டரைத் தூக்கிக் குப்பையில போட்டவங்க எத்தனையோ பேர். மனசு பதறும்.

நம்ம ஊர் மார்கழி என்ன குளிர்? 21, 22 டிகிரி. அந்தக் குளிர்ல நல்ல எஞ்சின் அரை சோக்குல பிடிச்சு, அரை நிமிஷத்துல கால் வெக்காம தானா ஓடணும். அஞ்சு நிமிஷம் கால் வெக்கணும்னா குத்தம் குளிர்ல இல்ல.

சோக்குல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல. எஸ்.யூ.ல சோக்குத் தகடு கிடையாது, கேபிள் ஜெட்டைக் கீழ இறக்கும். ஆனா குமிழை இழுக்கும்போது மொதல் கால் அங்குலத்துக்கு ஜெட் இறங்காது. ஓரத்துல இருக்கிற கேம் (ஒரு பக்கம் மேடான சின்னத் துண்டு) சுத்தி ஆக்சிலேட்டரை மட்டும் கொஞ்சம் திறக்கும். ஐட்லிங் ஏறும், பெட்ரோல் ஏறாது. ஸ்டார்ட் ஆனதும் குமிழை அந்தக் கால் அங்குலத்துல கொண்டாந்து நிறுத்தணும், ஒரேயடியா உள்ள தள்ளக் கூடாது. உங்க ஐட்லிங் ஸ்குரூவைத் தூக்கிட்டாங்க இல்லையா, அப்போ ஆக்சிலேட்டர் ஏற்கெனவே திறந்துதான் இருக்கு. கேம் தள்ளுறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சமில்ல. பக்கத்துல சின்னதா ஃபாஸ்ட் ஐடில் ஸ்குரூ இருக்கும். சோக்கு உள்ள இருக்கும்போது அதுக்கும் கேமுக்கும் நடுவுல ஒரு கெட்டி அட்டை நுழையிற சந்து இருந்தா போதும். அதுக்கு மேல அகலமா இருந்தா பிரயோஜனமில்ல.

இப்போ காத்து விஷயம். நாலு பிளக்கையும் கழட்டி வரிசை மாறாம ஒரு வெள்ளைத் துணியில அடுக்குங்க. இந்த எஞ்சின்ல ரெண்டு சிலிண்டருக்கு ஒரு இன்லெட் ஓட்டை. ஒண்ணும் ரெண்டும் ஒரு வழி, மூணும் நாலும் ஒரு வழி. ஒரு ஜோடி மட்டும் வெளுத்து இருந்தா அந்தப் பக்கத்து மேனிபோல்ட் (கலவை எஞ்சினுக்குள்ள போற குழாய்) பேக்கிங்ல காத்து இழுக்குதுன்னு அர்த்தம். நாலும் வெளுத்திருந்தா கார்ப்பரேட்டர் அடிப் பேக்கிங், இல்லைன்னா ஆக்சிலேட்டரை மிதிச்சா கார்ப்பரேட்டர்ல சுத்துற திராட்டில் தண்டு தேய்மானம். பிரேக் பூஸ்டர் இருந்தா அந்த ஓஸையும் ஒருவாட்டி பாருங்க.

அப்புறம் ஆயில் கேன்ல எஞ்சின் ஆயிலை எடுத்து, எஞ்சின் சூடேறாம இருக்கும்போதே ஓட விட்டு, ஒவ்வொரு ஒட்டு மேலயும் ரெண்டு சொட்டு விடுங்க. எங்க விடும்போது சத்தம் மாறுதோ அங்கதான் குத்தம். சில பேர் பெட்ரோலைப் பீச்சிப் பார்ப்பாங்க, கீழயே சைலன்சர் மேனிபோல்ட் இருக்கு, தீப்பிடிச்சுக்கும். அதை மட்டும் செய்யவே செய்யாதீங்க.

கார்ப்பரேட்டர் மேல இருக்கிற டாஷ்பாட்ல ஆயில் ஊத்தச் சொல்லி யாராவது சொன்னா ஊத்துங்க, நல்லதுதான். ஆனா அது ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது திணறாம இருக்க, ஐட்லிங்குக்கு அதுல வேலையில்ல.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:

ஐயா, சொன்னபடியே செஞ்சேன். பிளக்கைத் துணியில அடுக்கினதும் எனக்கே தெரிஞ்சுது. ஒண்ணும் ரெண்டும் காப்பித்தூள் நிறம். மூணும் நாலும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. இத்தனை நாள் நாலையும் ஒண்ணா ஒரு டப்பாவுல போட்டுத்தான் துடைச்சிருக்கேன், வரிசையாப் பார்க்கணும்னு தோணலை.

அடுத்த நாள் காலையில ஆயில் கேன். கார்ப்பரேட்டர் அடியில விட்டேன், மாத்தமில்லை. பின்பக்கத்து இன்லெட் மேனிபோல்ட் ஓரத்துல ரெண்டு சொட்டு விட்டதும் சொட்டு உள்ளே இழுத்துக்கிச்சு, குலுக்கல் நின்னு எஞ்சின் சீரா ஓடுச்சு. பத்து வினாடிதான், திரும்பவும் குலுக்கல். கடைசி ஸ்டட் நட்டு கையாலயே சுத்துது. சூடானதும் இரும்பு விரிஞ்சு அந்தச் சந்து அடைஞ்சுக்குதுன்னு இப்பதான் புரியுது. பாலம் தாண்டினா சரியாகுறதுக்கும் அதுதான் காரணமா இருக்கணும்.

நட்டுங்களுக்கு ராத்திரியே துருநீக்கி அடிச்சு ஊற விட்டேன். உப்புக்காத்து ஊராச்சே, ஸ்டட் உடைஞ்சா பெரிய வேலை. மறுநாள் பக்கத்துத் தெரு மெக்கானிக் தம்பியை வெச்சுக்கிட்டு மேனிபோல்ட்டை இறக்கினோம். பேக்கிங் பின் ஓரத்துல கருகி, அரை அங்குலம் காணோம். புதுப் பேக்கிங் போட்டு நடுவுலேருந்து ஓரத்துக்கு, மூணு சுத்தாக் கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணோம். ஐட்லிங் ஸ்குரூவை ஒண்ணரைச் சுத்து திருப்பி இறக்கினேன், ஃபாஸ்ட் ஐடில் ஸ்குரூவுக்கு அட்டை வெச்சு அளந்தேன். அதுக்கப்புறம்தான் பாகூர் சார் சொன்னபடி ஜெட் நட்டை ஒரே ஒரு பட்டை இறக்கினேன். கார்ப்பரேட்டர் பிஸ்டனைக் குச்சியால லேசாத் தூக்கிப் பார்த்தா, சத்தம் ஒரு நொடி ஏறித் திரும்பவும் பழைய நிலைக்கு வருது. கலவை சரின்னுதான் எடுத்துக்கிட்டேன். ஓஸும் மாத்தியாச்சு.

இன்னைக்குக் காலையில அரை சோக்கு, ஒரே செல்ஃப். கால் அங்குலத்துல நிறுத்தினேன். நான் இறங்கி வந்து அம்மாவுக்குப் பின் கதவைத் திறந்து விடுற வரைக்கும் வண்டி தானா ஓடிட்டு இருந்தது. அம்மா கேட்டாங்க, "என்னடா, இன்னைக்கு சத்தமே காணோம்?"

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு. திராட்டில் தண்டை விரலால மேலும் கீழும் ஆட்டினா லேசா ஆடுது. அதைச் சுத்தி எப்பவும் பெட்ரோல் கறை. இப்பவே பார்க்கணுமா, கொஞ்ச நாள் விடலாமா?

நெல்லித்தோப்பு ஒர்க்ஷாப்:

கேக்கவே சந்தோஷமா இருக்கு தம்பி. ஜெட் நட்டைக் கடைசியாத் தொட்டீங்க பாருங்க, அதுதான் சரியான வரிசை.

தண்டு ஆடுறதை விட்டு வெக்காதீங்க, அதுவும் காத்து வழிதான். இன்னைக்கு லேசா இருக்கும், அடுத்த மார்கழிக்கு ஐட்லிங் ஒரு நிலையில நிக்காது. புதுத் தண்டும் புஷ்ஷும் போட்டா போதும், கார்ப்பரேட்டர் மாத்த வேண்டாம். வண்டியைக் கொண்டாரணும்னு இல்ல, கார்ப்பரேட்டரை மட்டும் கழட்டித் துணியில சுத்திப் பையில போட்டு புதுச்சேரி பஸ் ஏறிடுங்க. கழட்டும்போது மேல் மூடியும் பிஸ்டனும் ஜோடி, வேற எதோடயும் கலந்துடாதீங்க. பிஸ்டன்ல இருக்கிற ஊசி வளையாம பாத்துக்குங்க. ஞாயித்துக்கிழமை காலையில கடையிலதான் இருப்பேன்.