காக்ளியர் கருவி வென்ற இடத்தில் விழித்திரைக் கருவி ஏன் தடுமாறியது?

கேள்வி:
பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் உட்செவிக்குள் வைத்துச் செவி நரம்பைத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவியைப் பொருத்திக்கொண்டு பேசக் கற்கிறார்கள். பார்வையிழந்தோருக்கான ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவியோ 2013-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் பெற்றும் 2019-இல் கைவிடப்பட்டது. இரண்டுமே நரம்புகளை மின்சாரத்தால் தூண்டுபவைதாமே? காதுக்கு 22 மின்முனைகள் போதுமென்றால் கண்ணுக்கு 60 ஏன் போதவில்லை? நான் மின்னணுவியல் மாணவன். உடலியல் அதிகம் அறியேன்.

மறுமொழி 1:
காதின் அமைப்பு பொறியாளருக்கு உதவி செய்கிறது. உட்செவியின் நத்தைச்சுருளில், ஆர்மோனியக் கட்டைகளைப் போல, அடிப்பகுதியில் உயர் சுரங்களும் நுனியில் தாழ் சுரங்களும் வரிசையாக உணரப்படுவதால், மெல்லிய மின்முனைக் கம்பி ஒன்றை உள்ளே செலுத்தினாலே அந்த வரிசை ஓரளவு கிடைத்துவிடுகிறது. ஆயினும் வெற்றி எளிதில் வரவில்லை. 1957-இல் பாரிஸில் ஜூர்னோ, எய்ரியேஸ் என்ற ஆய்வாளர்கள் செவி நரம்பைத் தூண்டிக் காட்டினர். 1978-இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். பேச்சு தெளிவாகப் புரியத் தொடங்கியதற்கு, மின்முனைகளை ஒரே நேரத்தில் இயக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக மிக விரைவாக இயக்கும் முறையை 1991-இல் ஆய்வாளர் பிளேக் வில்சன் குழுவினர் வெளியிட்டது முக்கியக் காரணம். அண்டை மின்னோட்டங்கள் ஒன்றோடொன்று கலப்பது அதனால் தவிர்ந்தது. (இசையை ரசிப்பது பலருக்கு இன்றும் கடினமே.)

கண்ணில் நிலைமை வேறு. பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் உள்ளன. ஒளி கூடும்போது செய்தி அனுப்பும் செல்களும் குறையும்போது அனுப்பும் செல்களும் விழித்திரையில் அருகருகே இருக்க, மின்னோட்டம் இரண்டையும் ஒருசேரத் தூண்டி, மூளைக்கு முரணான செய்திகளை அனுப்புகிறது. ஆர்கஸ் 2 விழித்திரையின் மேற்பரப்பில் அமர்ந்ததால், அவ்வழியே செல்லும் நரம்பிழைகளும் தூண்டப்பட்டு, புள்ளி தெரிய வேண்டிய இடத்தில் கீற்று தெரிந்தது.

மறுமொழி 2:
உடலியல் மட்டும் காரணமன்று என்பது என் கருத்து. ஆர்கஸ் கருவி பயன்படக்கூடிய நோயாளிகள் மிகச் சிலர், விற்பனை குறைவு. அதைத் தயாரித்த நிறுவனம் தளர்ந்தபின், பொருத்திக்கொண்ட 350-க்கும் மேற்பட்டோருக்குப் பழுதுநீக்கம்கூடக் கேள்விக்குறியாயிற்று. கண்ணுக்குள் வைக்கும் பொருளுக்கு ஒப்புதல் தருவோர், நீண்டகாலப் பராமரிப்பு உறுதியையும் கேட்டுப் பெற வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் பிரைமா என்ற புதிய விழித்திரைக் கருவி இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டதா?

மறுமொழி 1:
ஒரு பகுதியை. 2 மி.மீ. சதுரமும் 378 படப்புள்ளிகளும் கொண்ட அந்தச் சில்லு, அழிந்துபோன ஒளியுணர் செல்களின் இடத்தில், விழித்திரைக்கு அடியில் வைக்கப்படுகிறது. அணிந்திருக்கும் மூக்குக்கண்ணாடியிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியே அதற்குப் படமும் மின்சாரமும் தருவதால் கம்பி தேவையில்லை; ஒளியுணர் செல்களிடமிருந்து செய்தியை வாங்கி அடுத்த அடுக்குக்குக் கடத்தும் இருமுனை நரம்புச் செல்களைத் தூண்டுவதால் எஞ்சிய விழித்திரை தன் வேலையைத் தானே செய்கிறது. முதுமையில் வரும் மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவால் நடுப்பார்வை இழந்தோரிடம் செய்த ஆய்வு 2025-இல் வெளியானது. ஓராண்டு முடித்த 32 பேரில் 26 பேருக்குப் பார்வைக்கூர்மை குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. பார்வை நரம்பே சிதையும் குளுக்கோமாவுக்கு இவ்வழி பயன்படாது. குளுக்கோமா நோயாளிகள் போன்றோருக்காக மூளையின் பார்வைப் பகுதியையே தூண்டும் கருவிகள் ஆய்வில் உள்ளன.