பேட்டரியில் மட்டும் ரீசெட் ஆகும் போர்டு

கேள்வி:
நானே வரைந்து, அச்சடிக்க அனுப்பி வாங்கிய முதல் போர்டு இது, அதனால் அடிப்படைத் தவறாக இருந்தாலும் திட்டாமல் சொல்லுங்கள். தொட்டி மண்ணின் ஈரத்தை அளந்து வைஃபையில் அனுப்பும் சின்ன வேலைதான். இஎஸ்பி32 வைஃபை மாட்யூல், வோல்டேஜை 3.3-க்குக் குறைத்துத் தரும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், ஒரு லித்தியம் அயன் செல். யூஎஸ்பியில் நாள் முழுக்க ஓடுகிறது. செல்லுக்கு மாற்றினால் வைஃபை இணையப் போகும் நொடியில் கணினியின் சீரியல் திரையில் பிரவுன்அவுட் (வோல்டேஜ் போதவில்லை) என்று ஒரு வரி, அப்புறம் ரீசெட், மறுபடியும் அதே கதை. முழு சார்ஜில் மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது. அப்போது மல்டிமீட்டரில் 3.1 காட்டுகிறது, பெரிதாக ஆடவும் இல்லை. எல்லாக் கால்களையும் இரண்டு முறை சால்டர் செய்துவிட்டேன்.

பதில் 1:
சால்டரை விடுங்கள். "முழு சார்ஜில் மட்டும்" என்று விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். 1117 தனக்கென்று சுமார் 1.1 வோல்ட் எடுத்துக்கொள்ளும், இதைத்தான் டிராப்அவுட் என்பார்கள். யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் அது தெரியாது. செல் 4.2-இல் இருந்தால் வெளியே 3.1, 3.7-க்கு இறங்கினால் 2.6. மாட்யூலுக்குக் குறைந்தது 3.0 வேண்டும். டிராப்அவுட் குறைந்த ரெகுலேட்டர் போடுங்கள்.

பதில் 2:
ரெகுலேட்டர்தான் முதல் குற்றவாளி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மல்டிமீட்டர் ஆடவில்லை என்பதை நம்பாதீர்கள், அது சராசரியைத்தான் காட்டும். வைஃபை அனுப்பும் கணத்தில் சில நூறு மில்லிஆம்பியர் சட்டென்று இழுக்கும், அந்தச் சரிவு ஆசிலோஸ்கோப்பில்தான் தெரியும். மாட்யூலின் 3.3 வோல்ட் காலை ஒட்டி 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறதா? செல்லிலிருந்து வரும் டிரேஸ், அதாவது போர்டில் உள்ள காப்பர் கோடு, எவ்வளவு அகலம்? சிக்னல் டிரேஸ் அகலத்திலேயே பவரையும் இழுத்துவிட்டு ஒரு வாரம் புரோகிராமில் பிழை தேடியவன் நான்.

கேட்டவர்:
டிரேஸ் அகலமாகத்தான் இருக்கிறது. கெப்பாசிட்டர் இருக்கிறது, ஆனால் 3 செ.மீ. தள்ளி, இடம் இருந்த இடத்தில் வைத்தேன் (சிரிக்க வேண்டாம்). டப்பாவில் எச்டி7333 என்ற ரெகுலேட்டர் கிடக்கிறது, போதுமா?

பதில் 1:
போதாது, அது 250 மில்லிஆம்பியர்தான் தாங்கும், டிராப்அவுட் குறைவு என்று ஆசைப்பட்டு அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஏபி2112 ரெகுலேட்டர் என்றால் 600 வரை தரும், முழுச் சுமையிலும் டிராப்அவுட் கால் வோல்ட் அளவுதான். என்ன, அது ஐந்து கால் சின்ன பேக்கேஜ், போர்டில் 1117-க்கு வரைந்த பேட்களில் (ஃபுட்பிரிண்ட்) உட்காராது. இன்னொன்று, 1117-இன் பெரிய தகட்டுப் பேட் அவுட்புட், கிரவுண்டு என்று நினைத்து அங்கே வயரைக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
1117-ஐப் பிடுங்கிவிட்டு 2112-ஐ முதுகு கீழே, கால்கள் வானத்தைப் பார்க்க ஒட்டி, எனாமல் கம்பியால் இழுத்தேன், செத்த பூச்சி மாதிரியே இருக்கிறது. முதலில் அவுட்புட் பூஜ்ஜியம். அரை மணி நேரம் கம்பிகளைச் சந்தேகப்பட்ட பிறகுதான் பார்க்கிறேன், மூன்றாம் கால் எனேபிள் (ரெகுலேட்டரை ஆன் செய்யும் கால்), அதை அந்தரத்தில் விட்டிருக்கிறேன். முதல் காலோடு (இன்புட்) சேர்த்ததும் 3.3 வந்துவிட்டது. மாட்யூல் காலிலேயே ஒரு கெப்பாசிட்டரையும் ஏற்றினேன். செல் இப்போது 3.6-இல் இருக்கிறது, நேற்று இரவிலிருந்து ஒரு ரீசெட் இல்லை.

அடுத்த போர்டுக்கு வரைபடத்தைத் திருத்தும்போதுதான் ஆன்டெனாவுக்கு நேர் கீழே சிக்னலைக் கெடுக்கும்படி கிரவுண்டு காப்பரைப் பரப்பி வைத்திருப்பது கண்ணில் பட்டது. அதற்குத் தனியாகத் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.