வெயில் காயும் நாளில் வைகையில் ஏறும் தண்ணீர்: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

சோழவந்தான் தூண்டில்காரர்:

ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தைப் பற்றி நிறையவே பேசியாயிற்று. அந்த மாதங்களில் வானமே எச்சரித்துவிடும். எனக்கு வேண்டியது பங்குனி தொடங்கி வைகாசி வரை வரும் தண்ணீரின் கதை. ஊரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும், ஆற்றில் தண்ணீர் ஏறும். அப்படிப்பட்ட நாளில் தூண்டிலோடோ வலையோடோ பரிசலிலோ இருந்தவர்கள் எழுதுங்கள். முதலில் என் பங்கு.

வைகையின் குறுக்கே உள்ள பேரணைக்குக் கீழே ஆற்றின் நடுவில் ஒரு மணல்திட்டு உண்டு. கோடையில் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் நல்ல இடம். சித்திரைக் கடைசியில் ஒரு நாள், நானும் மைத்துனரும் கணுக்கால் தண்ணீரைக் கடந்து அங்கே போய் உட்கார்ந்தோம். மேற்கே கொடைக்கானல் மலைமேல் மட்டும் கருத்திருந்தது. எங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லை. மூன்று மணிவாக்கில் மீன் கடிப்பது அடியோடு நின்றது. சற்று நேரத்தில் தக்கை ஒரு பக்கமாக இழுபட்டது. மீன்தான் என்று நான் கழியைத் தூக்க, மைத்துனர் என் கையைப் பிடித்து, "மாப்பிள்ளை, தண்ணீரைப் பாருங்கள்" என்றார். சருகும் சுள்ளியும் பழுப்பு நுரையும் மிதந்து வந்தன. திட்டின் ஓரத்தில் ஒரு குச்சி நட்டுவைத்துவிட்டு உட்காருவது எங்கள் வழக்கம். காலையில் ஈரமணலில் நட்ட குச்சி இப்போது தண்ணீருக்குள் ஒரு சாண் இறங்கி நின்றது.

உடனே எழுந்தோம். வந்த வழியில் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது, நிறமும் செம்மண்ணாக மாறிவிட்டது. வேகமாக ஓடும் நீரில் ஒரே இடத்தில் நின்றால் குதிகாலைச் சுற்றியுள்ள மணல் அரித்துக்கொண்டு போய்விடும், நிற்பவர் தானாகவே ஆழமாவார். அதனால் நிற்கவில்லை. மூங்கில் கழியை மேல்பக்கமாக ஊன்றிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, ஓட்டத்தைப் பார்த்த முகமாகப் பக்கவாட்டில் காலை நகர்த்தி நகர்த்தி, சற்றே கீழ்ப்பக்கமாகச் சரிந்து கரையேறினோம். இறங்கிய இடத்திலேயே ஏற வேண்டும் என்று ஓட்டத்தோடு மல்லுக்கட்டினால் கால் வாரிவிடும். மீன் பையும் டிபன் பாத்திரமும் போனது போனதுதான்.

அன்றைக்கு வைகை அணை திறக்கப்படவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் எச்சரிக்கை, 68.5க்கு இரண்டாவது, 69க்கு மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் அந்தச் செய்தி போகும். கோடையில் பெரும்பாலும் நீர்மட்டம் அதற்கு வெகு கீழே கிடக்கும். ஆகவே எச்சரிக்கையும் வராது, சங்கும் ஊதாது. "அணையில் ஒன்றுமில்லை, பயமின்றி இறங்கலாம்" என்று சொல்பவர்கள் அணைக்குக் கீழே ஆறுகள் வந்து சேர்வதை மறந்துவிடுகிறார்கள்.

வத்தலக்குண்டு ஆசிரியை:

அண்ணன் பார்த்தது எங்கள் பக்கத்துத் தண்ணீர்தான். வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி எல்லாம் வைகை அணையைத் தாண்டிக் கீழே வந்துதான் ஆற்றில் கலக்கின்றன. அவற்றுக்கும் சிறிய அணைகள் உண்டு என்பது உண்மை. ஆனால் எந்த அணையையும் தொடாமல் மலையிலிருந்து நேரே இறங்கும் காட்டோடைகள் ஏராளம். கோடை மழை ஓரிடத்தில் கொட்டும், பக்கத்து ஊரில் புழுதி பறக்கும். காய்ந்து இறுகிய மலைச்சரிவு முதல் மழையை அவ்வளவாகக் குடிக்காது, அப்படியே உருட்டிவிடும்.

நான் மீன் பிடிப்பவளில்லை. விடுமுறையில் அக்கா பிள்ளைகளை அணைப்பட்டி ஆஞ்சநேயர் கோவிலுக்கு அழைத்துப்போவேன், அவர்களுக்கு ஆற்றில் இறங்காமல் வீடு திரும்ப மனம் வராது. அதற்காக நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான். பெரியகுளம் கும்பக்கரை அருவியில் குளிக்க வனத்துறை தடை போட்டதாகச் செய்தி வந்தால், அன்று எங்களுக்கு ஆறு கிடையாது. அருவிக்கான தடைதான் அது, ஆனாலும் மலையில் பெய்த செய்தி அதைவிட விரைவாக வேறெந்த வழியிலும் எனக்கு வந்து சேர்ந்ததில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனை அடித்துப்போனதே, அதுவும் கோடைதான். சீசன் இன்னும் தொடங்கவில்லை என்ற நினைப்பில்தான் எல்லாரும் அங்கே நின்றிருப்பார்கள்.

அணைக்கரைப் பரிசல்:

அணைக்குக் கீழே உள்ள கதையைச் சொல்லிவிட்டீர்கள். நாங்கள் அணைக்குள்ளே தொழில் செய்பவர்கள். எங்களுக்குச் சித்திரையில் இரண்டு தொல்லைகள், ஒன்று காற்று, இன்னொன்று கருவேலங்கட்டை.

கோடையில் நீர் வற்றும்போது அணையின் மேல்புறம் வெளியே தெரிந்து, அதில் கருவேலம் முளைத்துவிடும். வருசநாட்டுப் பக்கம் மழை பெய்து தண்ணீர் வந்ததும் அத்தனையும் முழுகிப்போகும். மேலே பார்த்தால் கண்ணாடித் தண்ணீர், அரை ஆள் ஆழத்தில் முள்ளும் கட்டையும். அந்தியில் வலையை விட்டுவிட்டு விடியலில் எடுக்கப் போவோம். ஒருமுறை இரவோடு இரவாக நீர்வரத்து ஏறிவிட்டது. விடியலில் சித்தப்பாவும் நானும் போனால், வைத்த இடத்தில் வலை இல்லை. ஓட்டம் அதை இழுத்துக்கொண்டுபோய்க் கட்டையில் சுற்றியிருந்தது. சித்தப்பா இழுத்தார், வலை வரவில்லை. பரிசல்தான் வலைப்பக்கம் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்து மேற்கே இருந்து சூறைக்காற்று. பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, காற்று பிடித்தால் தட்டாமாலை சுற்றும். துடுப்பை எந்தப் பக்கம் போட்டாலும் அது சுற்றிக்கொண்டே ஒரு பக்கமாக நகரும். சித்தப்பா யோசிக்கவே இல்லை, இடுப்புக் கத்தியை எடுத்து வலையை அறுத்துவிட்டார். புது வலை. அதில் கட்லா கிடந்தது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எங்கள் துறையை நோக்கித் துடுப்புப் போடவில்லை. காற்று தள்ளிய பக்கமே போய், எந்தக் கரை கிட்டத்தில் இருந்ததோ அங்கே ஒதுங்கினோம். வீட்டுக்கு நடந்து வர வெகுநேரம் ஆயிற்று, சித்தி வாசலிலேயே திட்டித் தீர்த்துவிட்டார். எங்கள் தொழிலில் இருக்கும் இளவட்டங்களுக்கு நான் சொல்வது: வலைக் கயிற்றைப் பரிசலிலோ உடம்பிலோ கட்டாதீர்கள். கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பைக்குள் இருந்து பயனில்லை. பரிசலில் எழுந்து நிற்கவே கூடாது, எழுந்து நிற்பவன் மூன்று பேரைக் கவிழ்ப்பான்.

செல்லூர் வாசி:

மலையையும் அணையையும் விடுங்கள். நகரத்துக்குள் நடப்பது எனக்குத் தெரியும். அழகர் ஆற்றில் இறங்குவதற்காகத் தண்ணீர் திறப்பார்கள். ஆண்டு முழுவதும் ஆகாயத்தாமரையும் சாக்கடையும் கிடந்த ஆற்றில் நல்ல தண்ணீர் வந்தால் பையன்களைப் பிடித்து நிறுத்த முடியுமா? கொசுவலை, பழைய வேட்டி, அம்மாவின் சேலை, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அயிரை அரிக்க இறங்கிவிடுகிறார்கள். "ஆயிரம் கன அடிதானே" என்று பெரியவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்கு மேல். ஆயிரம் கன அடி என்றால் வினாடிக்கு 28 டன் எடை உங்களைத் தாண்டிப் போகிறது.

தடுப்பணைகளின் அடிவாரம்தான் மோசமான இடம். மேலிருந்து விழும் தண்ணீர் அடியில் சுருண்டு மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் அதில் மாட்டிக்கொண்டு, முழுகுவதும் எழுவதுமாக, கீழேயும் போகாமல் அங்கேயே உருண்டுகொண்டிருந்ததை ஒரு சித்திரை மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பையன்களைக் கூப்பிட்டு, "அந்த டிரம்முக்குப் பதில் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். இரண்டு பேர் கரையேறினார்கள். மற்றவர்கள் என்னைக் கிண்டல் செய்தார்கள், அது போகட்டும். ஆகாயத்தாமரை கொத்தாகப் பெயர்ந்து வரும்போது அதன் கீழே கட்டையும் முள்ளும் சேர்ந்தே வரும், காலில் சுற்றினால் நீச்சல் தெரிந்தவனும் தடுமாறுவான்.

இன்னொன்று, யாரும் சொல்வதில்லை. கோடையில் நகரத்துக்குள் ஒரு நல்ல மழை பெய்தால் பந்தல்குடி வாய்க்கால் போன்றவை மாதக்கணக்கில் தேங்கிய கழிவை ஒரே மூச்சில் ஆற்றில் தள்ளும். மறுநாள் மீன்கள் வாய் பிளந்து மேலே மிதக்கும். அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். செத்து மிதக்கும் மீனை விற்பவர் விற்கட்டும், வாங்கிக் குழம்பு வைக்காதீர்கள்.

திருப்புவனத்துக்காரர்:

எல்லாரும் சேர்ந்து தண்ணீரைப் பேயாக்கிவிட்டீர்கள். எங்கள் பக்கம் தண்ணீர் வராவிட்டால் மீனும் இல்லை, கிணறும் இல்லை. விரகனூர் மதகணையைத் தாண்டித் தண்ணீர் வருகிறது என்று கேட்டால் எங்கள் ஊரில் தேங்காய் உடைப்பார்கள். புதுத் தண்ணீர் வந்த இரண்டு மூன்று நாள் கழித்து, நிறம் தெளிந்து ஓட்டம் தணியும்போது வீச்சுவலையில் விழும் கெண்டைக்கு ஈடு இல்லை. அந்த மூன்று நாள் பொறுக்க முடியாதவர்களுக்குத்தான் ஆறு எமன்.

என்னைக் கேட்டால் ஓட்டத்தைவிடக் குழிதான் பொல்லாதது. மணல் அள்ளிய இடங்கள் தண்ணீர் இல்லாதபோது கண்ணுக்குத் தெரியும், நிரம்பியபின் முழங்கால் தண்ணீருக்கும் மூன்று ஆள் ஆழத்துக்கும் நடுவில் ஒரே ஒரு காலடி தூரம்தான். எங்கள் தெருப் பையன் ஒருவன் கரையோரமாகத்தான் வலை வீசிக்கொண்டிருந்தான், அடுத்த அடி வைத்தான், ஆளைக் காணோம். வலைக் கயிற்றைச் சுருக்குப் போட்டு மணிக்கட்டில் மாட்டியிருந்தான். நல்லவேளையாக வலை ஆழமில்லாத பக்கம் விரிந்து கிடந்தது, அதைப் பற்றியே இழுத்துக் கரையில் போட்டோம். இப்படிப் பிழைத்தான் என்பதற்காக எல்லாரும் சுருக்கு மாட்டக் கூடாது. அதே வலையில் ஓட்டத்தோடு வரும் மரக்கட்டை சிக்கியிருந்தால் கயிறே அவனைக் கொண்டுபோயிருக்கும். கயிற்றை விரல்களில் பிடித்தால் போதும், விட வேண்டிய நேரத்தில் விட்டுவிடலாம். பங்குனியில் ஆறு காய்ந்து கிடக்கும்போதே ஒருமுறை நடந்து, எங்கே எவ்வளவு குழி என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

மேலூர்க்காரர்:

எங்கள் பக்கம் ஆறில்லை, கண்மாய்தான். சித்திரை, வைகாசியில் நீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா. ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடி சாதனங்களும் வலையுமாக நூற்றுக்கணக்கானோர் இறங்குவோம். அங்கே வெள்ளமில்லை, இடி இருக்கிறது. போன முறை பாதியில் இடி கேட்டதும் பெரியவர் எல்லாரையும் மேலேற்றிவிட்டார். சிலர் முணுமுணுத்தார்கள். திறந்த கண்மாயில் ஈர உடம்போடு நிற்பவனைவிட மின்னலுக்கு வசதியான ஆள் கிடைக்கமாட்டான். கரையேறியவர்களும் பனைமரத்தடியில் ஒதுங்காமல் ஊருக்குள் வந்துவிட வேண்டும்.

சோழவந்தான் தூண்டில்காரர்:

திருப்புவனத்து அண்ணன் சொன்ன மூன்று நாள் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. பரிசல் தம்பியிடம் ஒரு கேள்வி. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் போகாதே என்று எல்லாரும் சொல்கிறார்கள். கோடை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வலை இழுக்க முடிகிறதா? கரையில் தூண்டில் போடும் எங்களைப் போன்றவர்கள் என்ன வைத்துக்கொள்வது?

அணைக்கரைப் பரிசல்:

உண்மையைச் சொன்னால் புழுங்கும் அண்ணே. எங்களில் பாதிப் பேர் அதை உட்காரும் மெத்தையாக வைத்திருக்கிறார்கள், கவிழ்ந்த பிறகு அதை எடுத்து மாட்ட யாராலும் முடியாது. நான் காற்று இருக்கும் நாளிலும் நீர்வரத்து ஏறும் நாளிலும் போட்டுக்கொண்டேதான் துடுப்பைத் தொடுவேன், வார்களை முழுக்க இறுக்கி. தளர்வாகப் போட்டால் தண்ணீரில் அது மட்டும் மேலே வரும், ஆள் கீழே நழுவிவிடுவான்.

கரையில் நிற்பவர்களுக்கு ஐந்து லிட்டர் காலி கேன் ஒன்று போதும். உள்ளே அரை டம்ளர் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கிவிடுங்கள், அந்த எடை இருந்தால்தான் காற்றில் திரும்பாமல் தூரம் போகும். கைப்பிடியில் நீளமான நைலான் கயிறு. விழுந்தவனைத் தாண்டி, அவனுக்கு மேல்பக்கமாக எறிந்தால் ஓட்டமே கேனை அவன் கைக்குக் கொண்டுவரும். இழுக்கும்போது நின்றபடி இழுக்காமல் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவனைக் காப்பாற்ற நீங்கள் குதிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை 112க்கு அழைக்கச் சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள்.